சுமைதாங்கியைக் குறிவைத்த லைட்

இரவு இரண்டேகால் மணி. தேரி மணல்காட்டுக்குள்ளே இரண்டு கிலோமீட்டர் மண் தடம். தெருவிளக்கு கிடையாது. ஆள் நடமாட்டம் கிடையாது. சிவப்பு மணல், உடைமரம், பனை... அவ்வளவுதான். ஆடிக் காற்று மணலை அள்ளி அள்ளி வீசுகிறது. அதற்குள் ஒரு ஜீப் ஊர்ந்து வருகிறது. பின் சீட்டில் இடுப்பு வலியோடு ஒரு பெண், இந்துமதி. ஓட்டுகிறவன் அவள் புருஷன் ஜெயகணேஷ். என் வீட்டுக்காரியின் சித்தப்பா மகன், அதாவது எனக்கு மச்சினன்.

அந்த ஜீப்பில் லைட் மாட்டியது நான்தான்.

இருங்கள், அவசரப்படாதீர்கள். லைட் கதையை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். தங்கப்பாண்டி சற்று முன்னால் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "அண்ணாச்சி, இந்த லைட்டு பாரை நம்ம லாரிக்கு மாட்டித் தாரீயளா?" என்று கேட்டானே, எனக்குச் சுள்ளென்று வந்தது. ஏன் அப்படிக் கத்தினேன் என்று எல்லோரும் கேட்டீர்கள். உங்கள் லாரிகளுக்கு ஹார்பர் கேட் திறக்க இன்னும் நேரம் கிடக்கிறது. கரண்டும் இல்லை. கிட்டே வந்து உட்காருங்கள். எவனாவது நடுவில் போனை நோண்டினால் எழுந்து போய்விடுவேன்.

பதினெட்டு வருஷமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாத வயர் கிடையாது. ஆனால் ஜெயகணேஷ் ஒருத்தன் என்னைப் படுத்திய பாடு... அப்பப்பா! அவனுக்குத் தேரி ஓரம் முருங்கைத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே வீடு. வீட்டு கேட்டிலிருந்து தார் ரோட்டுக்கு அந்த ஒரே தடம்தான். ஆடி, ஆவணிக் காற்றில் காலையில் இருந்த தடம் சாயங்காலம் இருக்காது, மணல் மூடிவிடும். பகலில் பனையை அடையாளம் வைத்து வந்துவிடலாம். ராத்திரியில் எதை வைத்து வருவது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்துமதிக்குத் தலைப்பிரசவம். இதே காற்றுக் காலம். ஆம்புலன்ஸ் அந்த மணலில் இறங்காது, தார் ரோட்டோடு நின்றுவிடும். இவன் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அந்த ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது. தடம் மாறி மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. மூன்று மணி நேரம். பிள்ளை வண்டியிலேயே பிறந்தது, ஆண் பிள்ளை. அழவே இல்லை.

அந்தத் தடத்தின் ஓரத்தில், அவர்கள் கேட்டிலிருந்து இருநூறு அடி தூரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. உங்களுக்குத் தெரியும்... இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒரு பெண்ணுக்காக எந்தக் காலத்திலோ வைத்தது. பிள்ளையை அதன் காலடியில்தான் புதைத்தார்கள். இந்துமதி சொல்லித்தான். "அவன் தனியா கெடக்க வேண்டாம். அங்கன ஒரு தாய் இருக்கா, பாத்துக்கிடுவா" என்றாளாம். எனக்கு என் பொண்டாட்டி சொல்லி அழுதாள்.

இந்த வருஷம் இந்துமதி மறுபடி முழுகாமல் இருந்தாள். நாளுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது டவுனில் வீடு பார்த்து அவளை அங்கே வைத்துவிடுவது என்று பேச்சு. ஆனால் ஜெயகணேஷுக்கு நம்பிக்கை இல்லை. அதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் லைட்டுப் பைத்தியம் பிடித்தது. அவனைக் குறை சொல்லவில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் தெரியும்.

முதலில் ரூஃபுக்கு மேலே நீளமாக ஒரு பார் லைட் வாங்கி வந்தான். மாட்டினேன். வெளிச்சம் எல்லாம் பானெட்டில் பட்டு அவன் கண்ணிலேயே அடிக்கிறது என்றான். சரி, கழற்றினேன். அடுத்து பம்பரில் ஒரு ஜோடி ஸ்பாட். தூரமாக ஊசி மாதிரி போகும். "பக்கவாட்டுல ஒண்ணும் தெரியலயே அத்தான்" என்றான். அது ஸ்பாட்டுடா, பக்கவாட்டில் எப்படித் தெரியும்? பிறகு ஃப்ளட் லைட் ஒரு ஜோடி. அது அகலமாக விரியும், தூரம் போகாது. அதுவும் குறை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் பண்ணி எவனோ வீடியோவில் சொன்னதை எனக்குப் பாடம் எடுப்பான்.

நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஏலே, தேரிக்குள்ள பறக்கது மணல் தூசி. வெள்ளை லைட்டு தூசில பட்டு ஒன் மூஞ்சிக்கே திரும்பும். மஞ்ச லைட்டு வாங்கு. பம்பருக்கும் கீழ, தாழ மாட்டு. அதுதான் தடத்தைக் காட்டும்" என்றேன். எத்தனை தடவை!

"மஞ்சள்ல வெளிச்சம் கம்மி அத்தான்."

"வெளிச்சம் கம்மியா இருந்தாத்தாம்ல தடம் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியாது அத்தான். இப்ப எல்லாம் வெள்ளைதான்."

பதினெட்டு வருஷம் தொழில் பார்த்தவனைப் பார்த்து இப்படிச் சொல்கிறான். என் கையில் அப்போது ஸ்பேனர் இருந்தது. அவன் அதிர்ஷ்டம், நான் கோபத்தை அடக்கிக்கொண்டேன். கடைசியில் மூன்றையும் சேர்த்து மாட்டச் சொன்னான். ரூஃபில் பார், பம்பரில் இரண்டு ஸ்பாட், இரண்டு ஃப்ளட். எல்லாம் வெள்ளை. தனித்தனி ரிலே, தனித்தனி ஸ்விட்ச். சவத்தெழவு போகட்டும் என்று மாட்டிக் கொடுத்தேன்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. கேளுங்கள்.

ஸ்பாட் லைட்டை மாட்டினால் மட்டும் போதாது, குறிவைக்க வேண்டும். கடையில் என்றால் இருபத்தைந்து அடி தள்ளிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் வெளிச்சத்தின் நடுப்பகுதி விழுகிற மாதிரி போல்ட்டை முறுக்குவோம். அன்று இருட்டும்வரை அவன் வீட்டில் வைத்து வேலை பார்த்தேன். தேரிக்குள் சுவருக்கு எங்கே போவது? கேட்டைத் திறந்தால் தடம் நேரே போகிறது. நேரே எதிரில் சுமைதாங்கி நிற்கிறது. உயரமும் தோதான உயரம். நானே சொன்னேன், "அந்த மேல் கல்லுல குறி வை" என்று. நான் சொன்ன வாய்தான். வெளிச்சம் கல்லின் நடுவில் பளிச்சென்று விழுந்தது. எனக்குத் திருப்தி.

மறுநாள் காலையில் போன். "அத்தான், லைட்டு எறங்கிட்டு."

போய்ப் பார்த்தேன். இருட்டிய பிறகு போட்டுக் காட்டினான். வெளிச்சம் மேல் கல்லில் இல்லை. கல்லின் காலடியில், இடது பக்கமாக விழுந்தது. ஜீப் குலுங்கியதில் இறங்கியிருக்கும் என்று திருப்பி முறுக்கினேன். அடுத்த நாளும் அதே இடம். வாஷர் மாற்றினேன். அடுத்த நாளும் அதே இடம். போல்ட் கழலாமல் இருக்கப் பசை போட்டு முறுக்கினேன். அந்தப் பசையை உடைக்க இரண்டு ஆள் வேண்டும். மறுநாள் காலையில் பசை உடையவில்லை, போல்ட் அசையவில்லை. இருட்டியதும் போட்டுப் பார்த்தால், வெளிச்சம் மட்டும் அதே இடத்தில் விழுந்தது.

நான் அவன்மேல் எரிந்து விழுந்தேன். "நீதாம்ல ராத்திரி எந்திரிச்சு நோண்டுத. ஒனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா? வேற வேலை இல்லயா எனக்கு?"

அவன் அந்த வெளிச்சம் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது... அது பிள்ளையைப் புதைத்த இடம்.

ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. தினமும் இருட்டினதும் ஜீப்பைக் கேட்டுக்கு நேரே நிறுத்தி ஸ்பாட் லைட்டைப் போட்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பான். பத்து நிமிஷம் எரியும், அணைப்பான். மூன்று வாரம் இப்படி. தோட்டத்தில் முருங்கைக்காய் பறிக்க வருகிற இசக்கிச்செல்வி ஒரு நாள் என் முன்னாலேயே அவனிடம் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"முதலாளி, அந்தக் கல்லுக்கு வருஷத்துக்கு ஒரு நாத்தான் வெளக்கு. செத்த திதிக்கு ஏத்துவோம், கும்பிடுவோம், அணைச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவோம். நீங்க என்னன்னா தெனமும் வெளக்கு காட்டுதீய."

"ஏளா, அது வெளக்கு இல்ல. வண்டி லைட்டு."

"கெடக்கவுகளுக்கு எல்லாம் வெளக்குதான். தெனம் வெளிச்சம் காட்டுனா, வீட்டுல கூப்பிடுதாகன்னு நெனைச்சிக்கிடாதா?"

எது நினைத்துக்கொள்ளும் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எனக்கு வந்த பயத்தை மறைக்க அவளையும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தேன். இந்துமதி ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்கு நாலாம் நாள்தான் வலி வந்தது. நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னாலேயே.

இதற்கு மேல் நடந்தது ஜெயகணேஷ் சொன்னது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, டீயைப் பிடித்துக்கொண்டு சொன்னான். பாதி டீ வேட்டியில் கொட்டியது.

கேட்டைத் தாண்டினதும் ஐந்து லைட்டையும் போட்டிருக்கிறான். ஒரே வெள்ளை. எதிரே மணல் தூசி சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. வெளிச்சம் அதில் பட்டு அவன் கண்ணுக்கே திரும்புகிறது. தடமும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை, பானெட்டு முனைகூடத் தெரியவில்லை. நான் எதைச் சொல்லித் தலைப்பாடாக அடித்துக்கொண்டேனோ... அதுவேதான்! ரூஃப் லைட்டை அணைத்தான். ஃப்ளட்டை அணைத்தான். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் இந்துமதி சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். "போன தடவை மாதிரி ஆயிருமா? சொல்லுங்க, ஆயிருமா?" என்று அதையே கேட்கிறாள்.

ஒரு மாசமாக அலைந்து திரிந்து வாங்கின லைட்டு. ஒன்றும் உதவவில்லை. அவன் ஸ்டியரிங்கில் குத்தினானாம். அழுதானாம். ஆத்திரத்தில் ஸ்பாட்டையும் ஹெட்லைட்டையும் சேர்த்து எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டான்.

கும்மிருட்டு. வெளியே மணல் கண்ணாடியில் சரசரவென்று உரசுகிற சத்தம் மட்டும்.

அப்புறம்... அந்தச் சத்தமும் குறைந்தது. ஜன்னல் எல்லாம் ஏற்றித்தான் இருந்தது. ஆனால் வண்டிக்குள்ளே ஒரு வாடை வந்தது. பால்கவிச்சி. கைக்குழந்தை கழுத்து மடிப்பில் வருமே, அந்த வாடை. இந்துமதி முனகலை நிறுத்திவிட்டாள். "வலி நின்னுட்டு" என்றாள். மெதுவாக, வேறு யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி சொன்னாளாம்.

முன்னால் ஒரு வெளிச்சம் தெரிந்தது. சின்னதாக, மஞ்சளாக இருந்தது. அவ்வளவு காற்றிலும் ஆடவில்லை. ஆள் பிடித்துக்கொண்டு போகிற உயரத்தில் இல்லை. தரையிலிருந்து ஒரு முழம்தான் இருக்கும். இவன் வண்டியை உருட்டினால் அதுவும் முன்னே போனது. இவன் நின்றால் நின்றது. வேறு வழியில்லாமல் அதைப் பார்த்தே ஓட்டினான். டயருக்கு அடியில் கெட்டித் தடம் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு இடத்தில்கூடப் புதையவில்லை.

ஆனால் ரொம்ப மெதுவாகப் போனதாம். கொஞ்ச தூரம் போகும், நிற்கும். மறுபடி கொஞ்சம் போகும். இவனுக்குப் பின்னால் பெண்டாட்டி உயிர். ஹாரன் அடித்து விரட்டலாமா என்று தோன்றியது, கை போகவில்லை என்றான். தார் ரோட்டில் முன் சக்கரம் ஏறின நொடி அந்த வெளிச்சம் இல்லை. வாடையும் இல்லை. இந்துமதிக்கு அடுத்த வலி அங்கேதான் வந்தது.

மூன்றரைக்கு ஆஸ்பத்திரி. மூன்று ஐம்பதுக்குப் பெண் குழந்தை. பிறந்த உடனேயே வீறிட்டு அழுதது. தாயும் பிள்ளையும் சௌகரியம். அவன் என் தோளில் சாய்ந்து தேம்பினான். நானும் அழுதேன், என்ன வெட்கம்.

தங்கப்பாண்டி, எழுந்து போகாதே. "நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா அண்ணாச்சி" என்கிறாயா? உட்கார்.

அவசரத்தில் துணிப்பையையும் ஸ்கேன் ஃபைலையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். "எடுத்துட்டு வாங்க அத்தான்" என்று சாவியைக் கொடுத்தான். பைக்கில் போனேன். தார் ரோடு முடிகிற இடத்தில் இசக்கிச்செல்வி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். குழந்தை பிறந்ததைச் சொன்னேன். மகராசி நல்லா இருக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "ராத்திரி நீ வெளக்கு எதும் வச்சியாளா?" என்று கேட்டேன். "இந்தக் காத்துலயா?" என்றாள். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அவளோடு நடந்தேன்.

மணி ஏழு இருக்கும். காற்று நிற்கவே இல்லை. ஜீப் போன டயர் தடம் அரைகுறையாகக்கூட இல்லை, முழுக்க மூடிவிட்டது. நாங்கள் பதித்த காலடியே பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தால் காணோம். ஆனால் தடத்தின் நட்ட நடுவில் ஒரு வரிசை இருந்தது. ஒரு மணல்கூட உதிராமல், இப்போதுதான் பதித்த மாதிரி.

சின்ன உள்ளங்கை இரண்டு. அதற்குப் பின்னால் சின்ன முழங்கால் இரண்டு. மறுபடி உள்ளங்கை. மறுபடி முழங்கால்.

இசக்கிச்செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இது தவந்துல்லா வந்திருக்கு" என்றாள். தார் ரோட்டைப் பார்த்துப் போன வரிசை ஒன்று. தார் ரோட்டிலிருந்து திரும்பி வந்த வரிசை ஒன்று. இரண்டு கிலோமீட்டரும் அதன் ஓரமாகவே நடந்தோம், மிதித்துவிடாமல். போன வரிசை சுமைதாங்கிக் கல்லின் காலடியிலிருந்துதான் கிளம்பியிருந்தது. திரும்பி வந்த வரிசை கல்லருகே நிற்கவில்லை. கல்லைத் தாண்டி நேரே போனது... தினமும் ஸ்பாட் லைட் அடித்த அந்தக் கோட்டிலேயே. பூட்டின கேட் வரைக்கும்.

கேட்டுக்கு வெளியே மணலில் ஒரு குழி. கைக்குழந்தை சுருண்டு படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அங்கிருந்து வேறு எங்கேயும் தடம் போகவில்லை.

நான் ஜெயகணேஷுக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் புதுக் குழந்தை சிணுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இந்துமதி பேசினாள்.

"அண்ணாச்சி... கேட்டு பூட்டியா கெடக்கு?"

"ஆமாம்மா."

"சாவி ஒங்க கையிலதான இருக்கு?"

"இருக்கும்மா."

"தொறந்து விடுங்க. ராத்திரிலேர்ந்து எவ்வளவு நேரம் வெளியவே கெடப்பான்?"

எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. இசக்கிச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். போனில் இந்துமதி அழவில்லை, கெஞ்சவில்லை. நான் திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பெற்றவள் கேட்கிறாள், நான் என்ன செய்ய? பூட்டைக் கழற்றி ஒரு பக்கக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே வாசல்வரைக்கும் சிமெண்ட் தரை. ராத்திரிக் காற்றில் செம்மண் தூசி மெல்லிசாகப் படிந்திருந்தது. தடம் எதுவும் இல்லை.

குழி ஓரத்து மணல் சரிந்தது.

தூசியில் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது. ஐந்து விரலும் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் முழங்கால்... நானும் அவளும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவசரமே இல்லாமல் வாசலைப் பார்த்துப் போனது.

படியேறத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.